பாட்டு நின்றால் நான் ஓட வேண்டும்

மோந்தே செர்கோ, இத்தாலி
அக்டோபர், செவ்வாய்க்கிழமை, ரொட்டி வண்டி வந்து போன பிறகு

அன்பு மகள் ஃபென்னாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் யோரிட்டும் சுகமாக இருப்பீர்கள், க்ரோனிங்கனில் குளிர் இறங்கியிருக்கும், காதை மூடாமல் சைக்கிளில் போகாதே. இங்கே நான் சுகம். உன் அப்பாவும் சுகம், இந்த வரியை எழுதுகிற நேரம்வரை சுகம், அது எனக்கு எப்படித் தெரியும் என்றால் என் காலுக்கடியில், சமையலறைத் தரைக்குக் கீழே, நிலவறையில் அவர் பாடிக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தெரிந்த ஒரே பாட்டு, பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்ட அந்தப் படகுக்காரன் பாட்டு, சுருதியும் கிடையாது தாளமும் கிடையாது, உனக்குத்தான் தெரியுமே. முன்பெல்லாம் அவர் வாயைத் திறந்தாலே நான் ரேடியோவைக் கூட்டி வைப்பேன். இப்போது ரேடியோவைத் தொடுவதே இல்லை. கீழே இருக்கும்வரை அவர் பாட வேண்டும், பாட்டு நின்றால் நான் ஓட வேண்டும், அப்படி எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. ஏன் இந்த ஏற்பாடு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம், அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். போனில் சொல்ல வழியில்லை. இருப்பது ஒரே போன், சிக்னல் வருவது அத்தி மரத்தடியில் மட்டும், நான் எடுத்தால் அவரும் வந்து ஒட்டி உட்கார்ந்துகொள்கிறார், நீ என்னைக் கேட்பதற்கெல்லாம் அவரே முந்திக்கொண்டு பதில் சொல்கிறார். கீழ்ப் பள்ளத்து வீட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர் ஹார்மன் நாளைக்கு விமானம் ஏறுகிறார், அவர் அக்கா வீடு உன் வீட்டுக்குப் பக்கத்துத் தெருதான், அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

ஊர்ச் செய்தி என்று பார்த்தால், ஆகஸ்டு பூராவும் குழாயில் தண்ணீர் இல்லை, குளித்த தண்ணீரைத்தான் தக்காளிக்கு ஊற்றினோம். வேட்டை தொடங்கிவிட்டது, துப்பாக்கியோடு நம் வேலிக்குள்ளேயே வருகிறார்கள், சட்டப்படி வரலாமாம், துணி காயப்போடப் போகும்போதுகூட நான் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டுதான் போகிறேன். காட்டுப்பன்றிகள் திராட்சைத் தோட்டத்தில் கீழ் வரிசையைத் தின்று தீர்த்தன. மிச்சத்தை எல்லா வருஷமும்போலக் கூட்டுறவுச் சங்கத்துக்கே போட்டிருக்கலாம். ஆனால் ஜூன் மாதம் கல்யாணத்தை இங்கேயே வைத்துக்கொள்கிறோம் என்று நீ சொன்ன நாளிலிருந்து உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. என் பொண்ணு கல்யாணத்துல கடை ஒயினா ஊத்துவாங்க என்று ஒரே பிடி. இரண்டு பெரிய தொட்டி வாங்கினார், நிலவறையிலிருந்த சைக்கிளையும் உருளைக்கிழங்கையும் வெளியே தூக்கிப் போட்டார், திராட்சையை மிதித்துத் தொட்டியில் நிரப்பினார். இரண்டே நாளில் அது புளித்து, அடுப்பில் வைத்ததுபோலக் கொதிக்க ஆரம்பித்தது. தோலெல்லாம் மேலே வந்து மூடிபோல இறுகிக்கொள்ளும், காலையும் மாலையும் கட்டையால் அதை உள்ளே அமுக்கிவிட வேண்டும். வீடு முழுக்க நல்ல வாசனை. அந்த வாசனையில் நானும் மயங்கித்தான் கிடந்தேன், பயப்பட ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை.

மேல் வீட்டு நீவெஸை உனக்கு ஞாபகம் இருக்கும், நம்மைக் கோழி அடைகிற நேரத்துக்குச் சாப்பிடுகிற ஒல்லாந்துக்காரர்கள் என்று ஊர் பூராவும் சொல்லிச் சிரிப்பாளே, அவள்தான். அன்றைக்குக் காலையில் முட்டைக் கூடையோடு இறங்கி வந்தாள், நான் படுக்கை விரிப்பு காயப்போட்டுக்கொண்டிருந்தேன், நிலவறைக் கதவு திறந்திருந்ததைப் பார்த்து, மெழுகுவத்தி எங்கடி என்று கேட்டாள். என்ன மெழுகுவர்த்தி என்றேன். இந்த வீட்டை வாங்கியபோது நிலவறை வாசலில் ஒரு மாடம் இருந்ததல்லவா, அதில் மெழுகுத் துண்டுகளும் மங்கிப்போன ஒரு புனிதர் படமும் இருந்தன, நாம் சாமிக்கு ஏற்றியது என்று நினைத்து மெழுகையெல்லாம் சுரண்டிவிட்டு, படத்தைச் சட்டம்போட்டு விருந்தாளி அறையில் மாட்டி, மாடத்தில் அழகாக மின்விளக்கு வைத்தோம். அது சாமிக்கு ஏற்றியது இல்லை ஃபென்னா. ஒயின் கொதிக்கும் நாளில் அதைக் கொளுத்தி முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டுதான் இறங்குவார்களாம், சுடர் அணைந்தால் திரும்பிப் பார்க்காமல் மேலே வந்துவிட வேண்டுமாம். ஒயின் கொதிக்கும்போது ஒரு கெட்ட காற்று வருகிறது, கனமான காற்று, அது தரையிலிருந்து தண்ணீர்போலத் தேங்கி ஏறுகிறது, கண்ணுக்கும் தெரியாது மூக்குக்கும் தெரியாது.

இப்போது நீ எங்கேயாவது உட்கார்ந்துகொள் கண்ணே. அன்றைக்கு நம் பொக்கி வாலை ஆட்டிக்கொண்டு அப்பாவுக்கு முன்னால் ஓடி இறங்கியிருக்கிறது, எப்போதும் அப்படித்தானே, கீழே போனதும் தூங்குவதுபோலப் படுத்துவிட்டது. என்னடா தூக்கம் என்று அதைத் தூக்க அவர் குனிந்திருக்கிறார். நீவெஸ் கேட்ட கேள்வி புரியாமல் நான் நிலவறை வாசலுக்கு வந்து பார்த்தபோது உன் அப்பா மண்டிபோட்டுக் கொண்டிருந்தார், குடித்தவர்போலத் தலை இப்படியும் அப்படியும் ஆடியது. நான் பாய்ந்தேன். நீவெஸ் கூடையைக் கீழே போட்டுவிட்டு என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள், முட்டையெல்லாம் எங்கள் காலடியில் நொறுங்கியது, நான் அவளை அடித்தேன், கையைக் கடித்தேன், அவள் விடவே இல்லை. நீயும் போனா ரெண்டு பொணம்டி, எங்கப்பன் பின்னாடி எங்கண்ணன் போனான், ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் தூக்கினோம் என்று என் காதில் கத்தினாள். பிறகு உள்ளே பார்த்து, எந்திரிடா ஒல்லாந்துக்காரா, நாயை விடு, தலையைத் தூக்கு, என் மூஞ்சியைப் பாரு என்று ஒரு கூப்பாடு. இத்தனை வருஷமாக அவள் பேசுகிற கிராமத்துப் பேச்சில் பாதி புரியாமல் தலையாட்டிக்கொண்டிருந்த மனுஷனுக்கு அது எப்படிப் புரிந்ததோ, தொட்டி விளிம்பைப் பிடித்து எழுந்து நின்றுவிட்டார். தலை மேலே வந்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியேறினார், கடைசிப் படியில் நாங்கள் இரண்டு பேரும் சட்டைக் காலரைப் பற்றி வெளியே இழுத்துப் போட்டோம். உதடு நீலமாக இருந்தது. புல்லில் கிடந்து வாந்தி எடுத்துவிட்டு அவர் கேட்ட முதல் வார்த்தை பொக்கி எங்கே என்பதுதான்.

பொக்கி போய்விட்டது ஃபென்னா. நீவெஸ் நீளமான வைக்கோல் கவையைக் கொண்டுவந்து படியில் நின்றபடியே அதை இழுத்து எடுத்தாள், ஆனால் அதில் உயிர் இல்லை. அத்தி மரத்தடியில்தான் புதைத்தோம். போன ஞாயிறு நீ போனில் பொக்கி எங்கே என்று கேட்டாய், இங்கதாம்மா காலடியில படுத்திருக்கு என்று அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன், நினைவிருக்கிறதா, அடுப்பில் பால் என்று சொல்லிவிட்டு. அடுப்பில் பால் இல்லை.

பாட்டு நின்றுவிட்டது. இரு.

ஒன்றும் இல்லை. இருமல். மறுபடியும் பாடுகிறார், கேட்கிறது. பாட்டு நின்றால் நான் ஓட வேண்டும் என்றேனே, கீழே இல்லை, மேலே, நீவெஸ் வீட்டுக்கு. முதலில் நிலவறை வாசலில்தான் நின்றேன், அப்பாதான் வேண்டாம் என்றார், நான் விழுந்தா நீ யோசிக்காம குதிச்சிடுவே, நீ மேலேயே இரு என்று. அவர் சொல்வது சரிதான், குதிப்பேன். ஆனால் கட்டிய புருஷன் கீழே கிடக்க முதுகைக் காட்டி மேட்டில் ஓடுவதை நினைத்தால் இப்போதே எனக்கு மூச்சு முட்டுகிறது. ஆம்புலன்ஸுக்கு என்ன சொல்வது என்று நீவெஸை எழுதித் தரச்சொல்லி, என் கணவர் நிலவறையில் விழுந்துவிட்டார், மூச்சு இல்லை என்பதை இத்தாலிய மொழியில் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். பாத்திரம் கழுவும்போது அதையே முணுமுணுக்கிறேன். வீட்டுக்கு எண் இல்லை, தெருவுக்குப் பேர் இல்லை, செத்த வால்நட் மரத்திலிருந்து இடது பக்கம் என்று எப்படிச் சொல்வது என்றும் கேட்டு வைத்திருக்கிறேன். காய்கறி வாங்கக்கூட இன்னும் விரலை நீட்டிக் காட்டுகிறவள் நான், இந்த இரண்டு வாக்கியத்தை மட்டும் இந்த ஊர்க்காரிபோலச் சொல்வேன்.

இனி எழுதப்போவதைத்தான் எழுதக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். எல்லாம் முடிந்த பிறகு நீவெஸ் வீட்டைச் சுற்றிக் கீழ்ப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஓட்டை எங்க என்று கேட்டாள். இங்கே எல்லா நிலவறைக்கும் பள்ளத்துப் பக்கச் சுவரில் தரையை ஒட்டி ஒரு ஓட்டை இருக்குமாம், கெட்ட காற்று அது வழியாக வடிந்து வெளியே போய்விடுமாம். நம் சுவரிலும் இருந்தது. பூனை வருகிற வழி என்று நினைத்தோம், பிறகு அது வழியாகப் பாம்பு வந்தது. அந்தக் கோடையில்தான் நீ கல் வேலை கற்றுக்கொண்டு வந்திருந்தாய், நாங்கள் கேட்டோம், நீ அடைத்துக் கொடுத்தாய், வெளிப்பக்கம் அதன் மேலேயே அந்தக் கல் பெஞ்சையும் கட்டினாய். வருகிறவர்களிடமெல்லாம் அப்பா அதைக் காட்டி, எது பழைய கல்லு எது என் பொண்ணு வச்ச கல்லு, சொல்லுங்க பாப்போம் என்பார், ஒருவரும் சொன்னதில்லை. நீவெஸும் அதைத் தடவிப் பார்த்து, பாவி மக, என்ன அழகா கட்டியிருக்கா என்றுதான் சொன்னாள். ஏன் முன்பே எங்களிடம் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன். தண்ணி நனைக்கும்னு யாராவது சொல்லிக் குடுப்பாங்களா, ஒயின் போடறவனுக்கு இது தெரியாம இருக்கும்னு நான் கனவா கண்டேன் என்றாள். நீ அடைத்தபோது உள்ளே இருந்தது சைக்கிளும் உருளைக்கிழங்கும்தான். இங்கேயே பிறந்தவளுக்குத் தோன்றாதது உனக்கு எப்படித் தோன்றும், இதை இரண்டு முறை படி.

மறுநாளே அப்பா கடப்பாரை வாங்கி வந்தார். பெஞ்சு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அதைக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தார். ஒயினைக் கீழே ஊற்றிவிடலாம் என்று கெஞ்சினேன், காலில் விழாத குறை. பெஞ்சை உடைச்சா ஏன்னு கேப்பா, ஒயினை ஊத்தினா ஏன்னு கேப்பா, கேட்டா சொல்லணும், சொன்னா அந்தப் பொண்ணு வாழ்நாள்ல இன்னொரு கல்லைத் தொடாது தினெகே என்கிறார். தேவாலயச் சுவருக்கெல்லாம் கல் வைக்கிற பெண் நீ, உன் கைக்கு இந்த நினைப்பு வரக் கூடாதாம். அதனால்தான் எதுவுமே நடக்காததுபோலக் காலையும் மாலையும் மெழுகுவர்த்தியோடு இறங்குகிறார். நிலவறை குளிர்ச்சி, அதனால் கொதி அடங்க இன்னும் பத்துப் பதினைந்து நாள் ஆகும் என்கிறாள் நீவெஸ். மெழுகுவர்த்தியைக் கீழே வைத்துவிட்டுக் கட்டையால் அமுக்கும்போது சுடரை யார் பார்ப்பது? அறுபத்தெட்டு வயது மனுஷன், ஒரு தடவை கால் வழுக்கி உட்கார்ந்தால் போதும். எனக்குப் பயமாக இருக்கிறது ஃபென்னா. சோறு இறங்கவில்லை. உன்னிடம் மறைப்பதற்காகத்தான் அவர் கீழே போகிறார், உனக்குத் தெரிந்துவிட்டால் அவருக்கு அங்கே வேலை இல்லை. சத்தியத்தை மீறியதற்கு அவர் என்னோடு பேசாமல் இருந்தால் இருக்கட்டும், உயிரோடு இருந்து பேசாமல் இருக்கட்டும்.

பொக்கிக்காக நன்றாக அழுதுவிடு, யோரிட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழு. அழுது முடித்த பிறகு போன் பண்ணு, ஞாயிறுவரை காத்திருக்காதே. அவர்தான் எடுப்பார். எனக்கெல்லாம் தெரியும்பா, அந்தப் பெஞ்சை உடைச்சிடுங்க, நான் வந்து வேற இடத்துல கட்டித் தரேன் என்று மட்டும் சொல். நீ சொன்னால்தான் அந்தக் கடப்பாரை கதவை விட்டு நகரும், நான் சொன்னால் நகராது. கல்யாணத்துக்குக் கடை ஒயினே போதும் என்றும் ஒரு வார்த்தை போட்டு வை.

நீயும் யோரிட்டும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்கிற தூரத்தில் நெடுங்காலம் இருங்கள். உன் இரண்டு கைக்கும் என் முத்தம், அந்தக் கையில் ஒரு குறையும் இல்லை. ஹார்மனிடம் உனக்குப் பாலாடைக்கட்டியும் கொஞ்சம் எண்ணெயும் கொடுத்திருக்கிறேன், எண்ணெயை வெயிலில் வைக்காதே. போனை மறந்துவிடாதே.

அப்பா இப்போதுதான் மேலே வந்தார், முழங்கைவரை சிவப்பு, யாருக்கு எழுதுகிறாய் என்றார், உனக்கு என்றேன். கையைத் துடைத்துக்கொண்டே, பொக்கி சமத்தா காலடியில படுத்திருக்குன்னு ஒரு வரி எழுது, சந்தோஷப்படுவா என்றார். எழுதிவிட்டேன் என்றேன்.

உன் அம்மா,
தினெகே