பாதி மூடிய வால்வு

இன்று காலை கேன்டீனில் கேத்தல் கொதித்து மூடி தடதடத்தது. கையிலிருந்த பிளேன்டீயைக் கொட்டிவிட்டு வாசலுக்கு ஓடியிருக்கிறேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ இருந்திருந்தால் சிரித்திருக்க மாட்டாய்.

நாவலப்பிட்டிக்கு வெளியே, இந்த டயர் தொழிற்சாலையின் கம்ப்ரசர் அறையில் நீயும் நானும் பதினோரு வருடம் ஒன்றாக நின்றோம். கம்ப்ரசரிலிருந்து கொதிக்கக் கொதிக்க வரும் காற்று கூலருக்குள் குழாய்களில் ஓடும். அவற்றைச் சுற்றித் தண்ணீர் ஓடிச் சூட்டை எடுத்துப்போகும். தண்ணீர் குறைந்தால் அதுவே கொதித்துவிடும்.

சில வருடங்களுக்கு முன் வந்த வறட்சியில் தண்ணீர் டேங்க் இறங்கிக்கொண்டே வந்தது. தண்ணீரை மிச்சம் பிடிக்க நினைத்து, உன்னிடம் சொல்லாமல், உள்ளே வரும் வால்வைப் பாதி மூடினேன். பத்து மணிக்குக் கூலர் இடிக்கத் தொடங்கியது. உள்ளேயிருந்து யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல. வால்வை முழுதாகத் திறக்க ஓடினேன். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய்.

"தொறக்காத மச்சான்! காஞ்ச குழாயில பச்சத்தண்ணி பட்டா வெடிச்சிரும்!"

இணைப்பிலிருந்து ஆவி சீறியது. அதற்குள் கையை விட்டு நீதான் சுவிட்சை அணைத்தாய். பிறகு இருவரும் சுவருக்குப் பின்னால் குந்தியிருந்தோம். ஒவ்வொரு இடிக்கும் என் பற்கள் அடித்துக்கொண்டன. சத்தம் அடங்கிய பிறகுதான் உன் முழங்கைவரை தோல் வெந்திருந்ததைப் பார்த்தேன்.

யார் மூடியது என்று சூப்பர்வைசர் கேட்டார். "பழைய வால்வு சார், அதிர்வுல தானா இறங்கியிருக்கும்" என்றாய். நான் வாய் திறக்கவில்லை.

கட்டுப்போட்ட கையோடு பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வெளியே பார்த்தபடி சொன்னாய்: "கொறைக்கணும்னா வெளிய போற வால்வக் கொறை. உள்ள வர்றதுல கை வைக்காத. உள்ள பிரஷர் இருந்தா தண்ணி லேசுல கொதிக்காது."

உனக்குத் தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை. நாளை சொல்லலாம் என்று வருடங்களைத் தள்ளினேன். போன மாசியில் உன் இதயம் நின்றுபோனது. கண்டி ஆஸ்பத்திரிக்கு நான் வந்து சேர்ந்தபோது உன்னைத் துணியால் மூடியிருந்தார்கள்.

இன்று மத்தியானம் சூப்பர்வைசர் கம்ப்ரசர் அறைக்கு வந்தார். "டேங்க் இறங்குது. உள்ள வர்ற தண்ணிய கொஞ்சம் கொறைங்க."

"மாட்டேன் சார்" என்றேன். கம்ப்ரசரை நிறுத்தினேன். "அன்னைக்கு அந்த வால்வ மூடுனது நான்தான். அவன் கை வெந்தது என்னாலதான்."

அவர் எழுதித் தரச் சொன்னார். பிறகு தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறிக்கு போன் செய்தார். அது வரும்வரை கம்ப்ரசர் ஓடவில்லை.

எழுதிக் கொடுத்துவிட்டேன். வேலை இருக்குமா என்று நாளை தெரியும். அந்தப் பயம் சிறியது. உன்னிடம் சொல்லாததைப் பிறரிடம் சொல்லிவிட்டேனே, அதைத்தான் எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பதென்று தெரியவில்லை, மச்சான்.