நிலாப் படம் போட்ட உறை

ராத்தா, இன்று காலை ஆஸ்பத்திரி கிளினிக்கில் மருந்து கொடுக்கும் மிஸ்ஸி என் கையில் இரண்டு குளிசை உறைகளைத் தந்தார். ஒன்றில் சூரியன் படம் கீறியிருந்தது, மற்றதில் நிலா. வாசிக்கத் தெரியாதவர்களுக்காகக் கீறுகிறார்கள். நான் சூரியனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"எனக்கு நிலா மட்டும்தான் மகள். ரெண்டு வருசம் அதத்தான் குடிச்சன்."

"ஆரு உம்மா அப்படிச் சென்னது? இந்தப் பிரஷர் குளிசை காலையில ஒண்டு, ராவைக்கு ஒண்டு குடிக்கணும். பாதி குடிச்சா பிரஷர் எறங்காது."

அப்படியே வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் நின்றவள், "உம்மம்மா, லைன நகத்துங்க" என்றாள். நகர்ந்து இடம் விட்டேன். ஆரு சொன்னது என்று எனக்குத் தெரியும். நீங்கள்தான் சொன்னீர்கள்.

நம் ஊர் கண்டக்குழிக்கு வரும் பஸ்ஸில் உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து நினைத்துப் பார்த்தேன். எனக்குப் படிப்பு நாலாம் வகுப்போடு சரி. ஆனால் மறதி கிடையாது, அது உங்களுக்கே தெரியும்.

உப்பளத்தில் நாம் இருவரும் ஒரு சோடி. கூடப் பிறக்காவிட்டாலும் மூத்த அக்காவாக நினைத்துத்தான் உங்களை ராத்தா என்றேன். இரண்டு காது வைத்த பெரிய கூடை, ஒரு காது உங்களுக்கு, ஒரு காது எனக்கு. பாத்தி வரம்பில் ஒரே எட்டில் நடக்க வேண்டும், ஒரே நேரத்தில் இறக்க வேண்டும். ஒருத்தி முந்தி விட்டால் மற்றவளின் மணிக்கட்டு போய்விடும். அதனால் ஒவ்வொரு முறையும், "விடப்போறன் புள்ள" என்று சொல்லிவிட்டுத்தான் விடுவீர்கள். இருபத்திரண்டு வருசம் அந்தச் சொல் ஒரு நாளும் தவறவில்லை. கம்பனிக் கந்தோரில் கிளாக்கர் வைத்திருக்கும் பதிவுக் கொப்பியில் சோடிக்கு ஒரு பெயர்தான் எழுதுவார். மூத்தவள் நீங்கள் என்பதால் உங்கள் பெயர். சம்பளத்தை நீங்கள் வாங்கி, மரத்தடியில் பாதியாக்கித் தருவீர்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

குறை வந்தது நாம் வேலையை விட்ட பிறகு. உப்பளத்தில் வேலை செய்து ஓய்ந்தவர்களின் மருந்துச் செலவில் ஒரு பங்கை அரசாங்கம் போடும், மற்றப் பங்கைக் கம்பனி போடும், அதற்குப் பெயர் போட்ட அட்டை, ஒரு காட், தருவார்கள் என்றார்கள். கந்தோர் வாசலில் எல்லாரும் கூடி நின்றோம். கிளாக்கர் உங்கள் பெயரை வாசித்தார். என் பெயரை வாசிக்கவில்லை.

"ஐயா, நானும் இவவும்தானே தூக்கின" என்றேன்.

"கொப்பியில பேரில்லாத ஆளுக்கு அரசாங்கம் காசு தராது தங்கச்சி. கூடைக்கு ரெண்டு காது இரிந்தா நான் என்ன செய்ற?"

எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. ஆனால் பேசவும் இல்லை. காட்டை முந்தானையில் முடிந்துகொண்டு நிலத்தைப் பார்த்தீர்கள். பேசினால் இரண்டு பேருக்குமே இல்லாமல் போய்விடும் என்று பயந்தீர்களோ என்னவோ. நான் கேட்கவில்லை. கேட்காமல் மனதில் வைத்துக்கொண்டேன்.

பிறகு நாட்டில் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்த வருசம். எனக்குத் தலை சுற்றி விழுந்தபோது ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை, வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தந்தார்கள். துண்டைப் பார்த்துவிட்டு நீங்கள் சிரித்தீர்கள்.

"இது நான் குடிக்கிற குளிசதான் புள்ள. காட்டுக்கு பாமசியில கூடுதலாத் தாறாங்க, மிஞ்சிப் போய்க் கெடக்கு. ஒனக்கு ராவைக்கு ஒண்டு போதும்."

மாதா மாதம் நிலா போட்ட உறையைக் கொண்டு வந்தீர்கள். நான் வாங்கினேன், நன்றியாக ஒரு சொல் சொல்லாமல் வாங்கினேன். "காட்டுக்காரி வாறா, கதிரையத் தொடச்சிப் போடுங்க" என்று பேத்தியிடம் உங்கள் காதுபடவே குத்திச் சொன்னேன். நீங்கள் அந்தக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தீர்கள். கடைசியாக வந்த அன்று படியில் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். "வெயில் புள்ள" என்றீர்கள். அன்று மழை மூட்டம். அதையும் பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு காட்டுக்கு ஒருத்தியின் மருந்துதான் ராத்தா. நிலா என் வீட்டுக்கு வந்தால் உங்கள் வீட்டில் சூரியன் மட்டும்தான் இருந்திருக்கும். அரசாங்கம் ஒரு பங்கு போட்டது, கம்பனி ஒரு பங்கு போட்டது, கொப்பியில் இல்லாத எனக்கு நீங்கள் உங்கள் உடம்பிலிருந்து பங்கு போட்டீர்கள்.

ஒரு பக்கம் இழுத்து விழுந்தீர்கள். மூன்றாம் நாள் மவுத்து, மூச்சு நின்றுவிட்டது. குளிசை குறைந்ததாலா, தலையில் எழுதிய நேரத்தாலா, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். உங்கள் ஜனாஸாவை அடக்க எடுக்கும்போது வழக்கப்படி உங்கள் மகன் வாசலில் நின்று கேட்டான்: "எங்கட உம்மா ஆருக்கும் பிழை செஞ்சிரிந்தா, அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கங்க."

உள்ளே இருந்த பெண்கள் எல்லாரும் "பொறுத்தோம்" என்றார்கள். நான் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டேன். ஒருத்திகூடக் கவனிக்கவில்லை. கந்தோர் வாசலில் நீங்கள் நின்ற மாதிரியே நானும் நின்றேன்.

நீங்கள் தந்த கடைசி உறையும் முடிந்து, ஆஸ்பத்திரிக்கு மருந்து வந்துவிட்டது என்று கேள்விப்பட்டுத்தான் இன்று கிளினிக்குக்குப் போனேன். பஸ்ஸால் இறங்கி நேரே உங்கள் வீட்டுக்குப் போனேன். மகன் வலையைத் தைத்துக்கொண்டிருந்தான்.

"மகன், அண்டைக்கு நீங்க கேட்டதுக்கு நான் வாய் தொறக்கல்ல. இப்ப செல்றன். பொறுத்திட்டன்."

"என்னத்த மாமி? எங்கட உம்மா ஒங்களுக்கு என்ன செஞ்ச?"

"அது எனக்கும் அவவுக்கும் உள்ள கத. நான் அவவுக்குச் செஞ்சத ஆரு பொறுக்கிற, அதச் செல்லுங்க."

அவனுக்கு விளங்கவில்லை. ஊசியைக் கீழே வைத்தான், எழும்பிப் போய் எனக்குத் தண்ணீர் கொண்டு வந்தான்.

பொய் சொல்ல மாட்டேன் ராத்தா. கோபம் முழுதாகப் போகவில்லை. என்னிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் வேண்டாம் என்று உறையை முகத்தில் எறிந்திருப்பேன், அது தெரிந்துதான் நீங்கள் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருசமும் சொல்லிவிட்டுத்தான் கூடையை விட்டீர்கள். இந்த ஒரு முறை சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். என் பக்கத்துக் காதை நான் இன்னும் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.