எலுமிச்சங்கன்று கட்டப் போன இடத்தில்

நவம்பர் 14, 1991. வியாழன்.

புயல் வருகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். ஃபேக்டரி விட்டதும் என் மனைவி சரோஜாவைக் கூட்டிக்கொண்டு பாரிவாக்கம் மனைக்குப் போனேன். ஆடியில் நட்ட ஏழு எலுமிச்சங்கன்றும் இந்தக் காற்றுக்குத் தாங்காது. சவுக்குக் குச்சி ஊன்றி, அவளுடைய பழைய புடவையைக் கிழித்துக் கட்டி, சுற்றிலும் உரச்சாக்கால் மறைத்தோம். கடைசிக் கன்று வேலியோர மேட்டில் இருந்தது. "அதை மட்டும் நீ கட்டிட்டு வந்துடு" என்று அனுப்பியது நான்தான்.

அவள் கட்டிக்கொண்டிருக்கும்போதே கரண்டு கம்பி அறுந்து, எங்களுக்கு நடுவில் தேங்கியிருந்த தண்ணீரில் விழுந்தது. குறுக்கே ஓடிய நாய் துள்ளி விழுந்தது. எழவே இல்லை.

பக்கத்து மனை கன்னியப்பன் கத்தினார். "எக்கா, அங்கியே நில்லு! தண்ணில காலு வெச்சிடாதே!" லைனை நிறுத்தச் சொல்ல சைக்கிளில் பறந்தார்.

ஒரு மணி நேரம் அவள் மழையில் நின்றாள். தண்ணீர் மேட்டில் ஏறிக்கொண்டே இருந்தது. நான் காலை எடுத்து வைக்கப் போகும்போதெல்லாம், "வராதீங்க, நான் நிக்கிறேன்ல" என்றாள். லைனை நிறுத்திவிட்டார்கள் என்று கன்னியப்பன் வந்து சொன்ன பிறகும், அவளை வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அவளாகத்தான் இறங்கி வந்தாள்.

சோறு போடும்போது, "அந்தக் கன்னுக்கு முடிச்சு சரியா விழல, காலைல போய்க் கட்டணும்" என்றாள்.

இப்போது தூங்குகிறாள். அசைவே இல்லையே என்று எழுந்து போய் அவள் காலைத் தொட்டுப் பார்த்தேன். சூடாகத்தான் இருக்கிறது.