உன் பேரைச் சொல்லிக் கேட்கிறார்கள்

நேற்று சாயங்காலம் மட்டாஞ்சேரி மருந்துக்கடையில் அப்பாவின் மாத்திரைக்காக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் உன் பேரைச் சொல்லி, அந்தச் சேச்சியின் சாயாப்பொடி இருக்கிறதா என்று கேட்டாள். கடைக்காரர் ஒரு மஞ்சள் பொட்டலத்தை எடுத்து வைத்தார். நானும் ஒன்று கேட்டேன். முதல்முறை வாங்குகிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. சாயாவைக் கொஞ்சம் ஆற்றிவிட்டுத் தூவ வேண்டும், கட்டி விழாமல் கலக்க வேண்டும், கெட்டியாகும் முன்பே நோயாளிக்குக் கொடுத்துவிடக் கூடாது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். இதைக் கண்டுபிடித்த சேச்சி போய்விட்டாள், பாவம், என்றும் சொன்னார். கண்டுபிடித்தவள் உங்கள் எதிரில்தான் நிற்கிறாள் என்று சொல்ல வாய்வரை வந்தது. தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

நீ போன பிறகும் எனக்கு இது அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். மலையாளம் மாதிரி உனக்குத் தமிழ் சரளமாக வாசிக்க வராது, எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். பரவாயில்லை, மெதுவாகவே படி.

அந்த உணவு ஆராய்ச்சிக்கூடத்தில் நம் மேசைகள் அடுத்தடுத்து இருந்தன. என் குடும்பம் திருநெல்வேலிப் பக்கமிருந்து சுக்கு வியாபாரத்துக்காக மட்டாஞ்சேரிக்கு வந்தது. உன் அப்பா தேனியிலிருந்து தேவராவுக்கு ஓட்டல் வேலைக்கு வந்தவர். அங்கே தமிழ் பேச எனக்கு நீ, உனக்கு நான். படிப்பும் ஒன்று, சம்பளமும் ஒன்று. அப்போது உன்மேல் பொறாமைப்பட எனக்கு ஒரு காரணமும் இல்லை.

பக்கவாதம் வந்தவர்களுக்குத் தண்ணீரும் சாயாவும் நேராக இறங்குவதில்லை. மூச்சுக்குழலுக்குள் போய் இருமுகிறார்கள், நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வருகிறது. கெட்டியாக்கிக் கொடுத்தால் மெதுவாக இறங்கும். ஆனால் வெறும் மாவைக் கலந்தால் எச்சில் பட்டதும் மறுபடி நீர்த்துவிடும். அதைத்தான் நான் வருஷக்கணக்காகப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். கூவைக்கிழங்கு மாவோடு புளியங்கொட்டைப் பசையைச் சேர்த்தபோது நீர்க்காமல் நின்றது. கட்டுரை எழுதினேன், வெளியானது. இயக்குநர் கைகுலுக்கினார். எனக்கு அதுவே நிறைந்திருந்தது.

உனக்கு நிறையவில்லை. மதியச் சாப்பாட்டின்போது என் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாயே, நினைவிருக்கிறதா? "எடீ, இது இங்கே கெடந்து என்ன பண்ணும்? குடிக்க முடியாத ஆளுக கையில போகண்டாமா?"

வேலையை விட்டுவிட்டு உன்னோடு வரச் சொன்னாய். மாதச் சம்பளத்தை விட எனக்குத் துணிவு வரவில்லை. நீ மட்டும் விட்டாய். ஆராய்ச்சிக்கூடத்தோடு முறைப்படி ஒப்பந்தம் போட்டு, பஜார் ரோட்டுக்குப் பின்னால் ஒரு பழைய சுக்குக் கிடங்கின் பின்கட்டை வாடகைக்கு எடுத்து, நான்கைந்து பெண்களை வேலைக்கு வைத்தாய். முதலில் அரைத்த மாவில் சுவரிலிருந்த சுக்குக் காரம் அப்படியே ஏறிவிட்டது. குடித்துப் பார்த்த ஒரு பெரியவர் இருமித் தவித்துப்போனார். அத்தனையையும் கொட்டினாய் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு எனக்குச் சோறு கொஞ்சம் கூடுதலாகவே இறங்கியது. இதை நான் உன்னிடம் அப்போதே சொன்னேன். நீ சிரித்தாய். உன்னிடம் கோபப்படுவது அதனால்தான் கஷ்டம்.

பிறகு சுவரெல்லாம் தகடு அடித்து மறுபடி தொடங்கினாய். பிராட்வேயில் மொத்தக் கடை கடையாக ஏறி இறங்கிப் பொட்டலத்துக்குத் தாள் வாங்கினாய். அச்சுக்குக் கொடுக்கும் முன் என்னிடம் வந்து, "உன் பேரும் போடட்டா?" என்று கேட்டாய். வேண்டாம் என்றேன். இன்னொரு முறை கேட்பாய் என்று நினைத்தேன். நீ கேட்கவில்லை. சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிற ஆள் நீ. பொட்டலம் வந்தது. அதில் யார் பேரும் இல்லை. இருந்தாலும் ஜனங்கள் உன் பேரைச் சொல்லித்தான் கேட்டார்கள். வீடு வீடாகப் போய் நோயாளிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் நீதானே.

அப்பா விழுந்தது அதற்கு அடுத்த மழைக்காலம். வலது பக்கம் வராமல் போயிற்று, பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பொடியை நானே கலந்து, கரண்டியில் சரித்துப் பார்த்து, பதம் பார்த்துக் கொடுத்தேன். என்னைவிட அந்தப் பதம் தெரிந்தவர் யார்? அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். கஞ்சி, ரசம், தண்ணீர் எதுவும் இறங்கவில்லை. உதடு வெடித்துப்போயிற்று. மூக்கில் குழாய் போட வேண்டிவரும் என்று டாக்டர் சொன்னார். அப்போதும் உன்னைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. அம்மாதான் கூப்பிட்டாள்.

நீ வந்தாய். அப்பாவை நிமிர்த்தி உட்காரவைத்தாய். ஏலக்காய் தட்டிச் சாயா போட்டு, இரண்டு கண்ணாடி கிளாஸிலும் பொடியைக் கலந்தாய். ஒன்றை அவர் இடது கையில் கொடுத்துவிட்டு மற்றதை நீ குடிக்கத் தொடங்கினாய். அவரைப் பார்க்கக்கூட இல்லை. இந்த வருஷம் மிளகு என்ன விலைக்குப் போகிறது, வயநாட்டுச் சரக்கு நல்லதா இடுக்கிச் சரக்கு நல்லதா என்று எதையோ கேட்டுக்கொண்டே இருந்தாய். அவர் பதில் சொல்ல முயன்றார், நடுவில் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். இருமல் வரவில்லை. கிளாஸை என் பக்கம் நீட்டி, குழறிக் குழறிச் சொன்னார்: "இதாக்கும் சாயா."

அதே பொடி, அதே பதம். அடுக்களை வாசலில் நின்ற எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அதன் பிறகு தினமும் நாலு மணிக்கு அவர் உனக்காகக் காத்திருந்தார். நீ வராத நாளில் என் கையால் இரண்டு வாய், அதோடு சரி. ஒருநாள் நீ செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் வைத்துக் கேட்டேன். "பொடி என்னோடது. அப்பாவும் என்னோட அப்பா. ரெண்டும் எப்படி உன்கிட்ட போச்சு?"

நீ சண்டைக்கு வரவில்லை. செருப்பு வாரை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னாய். "நீ அவரோட தொண்டையையே நோக்கிட்டு நிக்கிற. அப்படி நின்னா ஆருக்கு எறங்கும்?"

இரண்டு வாரம் உன்னோடு பேசவில்லை. நீ வழக்கம்போல வந்துபோய்க்கொண்டிருந்தாய்.

போன மழையில் கிடங்குக்குள் தண்ணீர் ஏறியது. வேலைக்காரப் பெண்களோடு முழங்கால் சாக்கடைத் தண்ணீரில் நின்று மாவுச் சாக்குகளை மேலே ஏற்றினாய். காய்ச்சல் வந்தபோது மழையில் நனைந்ததால்தான் என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிடந்தாய். எலிக்காய்ச்சல் என்று தெரிவதற்குள் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் நான் பக்கத்தில் நின்றபோது கண்ணைத் திறந்து, "மாமா சாயா குடிச்சாரா?" என்று கேட்டாய். குடித்தார் என்றேன். அந்த நேரத்திலும் எனக்குள் ஒன்று முணுமுணுத்தது, மாமாவாம் மாமா என்று. அதற்குப் பிறகு நீ பேசவில்லை.

உன்னை எடுத்த அன்றைக்குத் தேவராவில் உன் வீட்டு வாசலில் ஆட்டோக்கள் வந்து நின்றபடி இருந்தன. நடக்க முடியாதவர்களைப் பிள்ளைகள் தூக்கி இறக்கினார்கள். வாய் கோணிப்போன ஒரு அம்மாவுக்கு அழத்தான் வந்தது, பேச வரவில்லை. என் கட்டுரையைப் படித்தவர்களில் ஒருவரின் முகம்கூட எனக்குத் தெரியாது. உன்னோடு சாயா குடித்தவர்கள் தெருமுனை வரைக்கும் நின்றார்கள். நான் அழுதேன்தான். எதற்கு அழுதேன் என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நீ போனதை அப்பாவிடம் அம்மா சொன்னாள். அன்றைக்கு அவர் கிளாஸைத் தொடவில்லை. மறுநாள் நாலு மணிக்கு நான் இரண்டு கிளாஸ் போட்டு எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அத்தனை வருஷம் அளந்திருக்கிறேனே தவிர, ஒரு கிளாஸ் முழுதாகக் குடித்துப் பார்த்ததில்லை. வாயில் வழவழவென்று ஒட்டியது, தொண்டையில் சளி மாதிரி நின்றது. இதையா தினமும் சிரித்துக்கொண்டே குடித்தாய் என்று நினைத்தபோது உன்மேல் புதிதாக ஒரு பொறாமை வந்தது. மிளகு விலை எனக்குத் தெரியாது. என் ஆபீஸ் கதையைச் சொன்னேன். பாதி கிளாஸ் குடித்தார். "அவ இன்னும் நல்லாப் போடுவா," என்றார். மீதியையும் குடித்தார்.

கிடங்கை அந்தப் பெண்களே நடத்துகிறார்கள். எந்த வீட்டிலாவது நோயாளி குடிக்க மறுத்தால் இப்போது என்னைத்தான் அனுப்புகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை கும்பளங்கிக்குப் போனேன். மீன் வளர்க்க வரப்பு கட்டித் தேக்கிய ஒரு மீன்கெட்டின் கரையில் வீடு. அந்த அம்மா யாரையும் பக்கத்தில் விடவில்லை. நான் என் கிளாஸை எடுத்துக்கொண்டு அவரோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வெளியே வலை இழுப்பதைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். நேரமாயிற்று. கடைசியில் அவரும் குடித்தார். கிளம்பும்போது அவர் மகள் வாசல்வரை வந்து, நீங்கள் அந்தச் சேச்சியின் ஆளா என்று கேட்டாள். என் படிப்பு, பதவி, கட்டுரை எல்லாம் நாக்கு நுனியில் நின்றன.

"ஆமா," என்றேன்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டே நடந்தேன். நீ இருந்தபோது போட்ட அதே சண்டைதான். பொறாமை ஒரு துளி குறையவில்லை, குறைய வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை. பொறாமைப்பட ஒரு ஆள் வேண்டும். எனக்கு இப்போதும் அது நீதான்.