நீ போட்ட சாட்சிக் கையெழுத்து

அருமை மகனுக்கு,

சாப்பாடு மேசையில் மூடி வைத்திருக்கிறேன். நீயே சூடு பண்ணிக்கொள். பதினொரு மணிக்குக் குழாய் வேலை செய்பவர் வருவார். மாடி அறைக்குப் பைப் போட அளவு கேட்பார், சொல்லிவிடு. நான் கண் ஆபரேஷனுக்குப் போயிருந்த அன்று அந்த அறையை டேப் வைத்து அளந்தவன் நீதானே.

நான் வக்கீலைப் பார்க்கப் போகிறேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணில் கட்டோடு படுத்திருந்தவளிடம் உயிலை நீட்டினாய். வக்கீலிடம் காட்டலாம் என்றேன். "வீடு எனக்குன்னு நாலு வரி. இதுக்கு எதுக்கும்மா வக்கீல்?" என்றாய். நான் கையெழுத்துப் போட்டதும் சாட்சியாக நீயும் உன் பெண்டாட்டியும் போட்டீர்கள். மற்ற கண் எனக்கு நன்றாகத்தான் தெரிந்தது. பேனாவை எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

அம்மா இருபத்திரண்டு வருஷம் ஏதோ ஆபீஸில் டைப் அடித்தாள், அவ்வளவுதான் உனக்குத் தெரியும். என்ன அடித்தாள் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறாயா? உயில்தான் அடித்தேன். நம்மைப் போன்ற கிறிஸ்தவர்களின் உயிலில் சொத்து யாருக்கோ, அவரே சாட்சி போட்டால் அவருக்கு எழுதியது செல்லாது. அந்த ஆபீஸில் டீ வாங்கி வருகிறவருக்குக்கூட இது தெரியும்.

எப்போது வக்கீலிடம் போவது என்று இத்தனை நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குக் குழாய்க்காரரை வரச் சொல்லி நீயே முடிவு பண்ணிக் கொடுத்துவிட்டாய்.

சாவி செருப்பு ஸ்டாண்டின் மேல்.

பி.கு. உன் அக்காவும் கூட வருகிறாள். வெளியே பெஞ்சில்தான் உட்காருவாள். அவள் கை எந்தக் காகிதத்திலும் படாமல் பார்த்துக்கொள்வேன்.