காலுக்குள் கேட்கும் சத்தம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். அப்பா தேறிவிட்டார் என்று உன் அம்மா போனில் சொல்லியிருப்பாள், அவள் சொல்வதில் பாதியை எடுத்துக்கொள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி எழுதுவதால்தான் கையெழுத்து கோணல், வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதே.

நடந்ததை ஆளுக்கொரு விதமாகச் சொல்லியிருப்பார்கள். நம் கண்ணாடிக் கடையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்றைத் தாங்கியில் சாய்த்து வைத்திருந்தோம், அது சரியாமல் இழுத்துக் கட்டுகிற பட்டையை மாட்டாமல் விட்டது உன் மாமாதான் என்பது என் சந்தேகம். மாட்டினேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறார், அவ்வளவு அழுத்திச் சொல்வதே எனக்கு இடிக்கிறது. கண்ணாடி விழுந்தால் விலகி நில், பிடிக்கப் போகாதே என்று கடைக்கு வருகிற ஒவ்வொருவனுக்கும் சொல்கிறவன் நான். அன்றைக்கு அது சரிந்ததும், விளிம்பெல்லாம் தேய்த்து முடித்த சரக்காயிற்றே என்று காலைக் கொடுத்துத் தாங்கினேன், உடைந்த துண்டு முழங்காலுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. உன் மாமா தன் பெல்ட்டைக் கழற்றித் தொடையில் இறுக்கிக் கட்டி, கண்ணாடி ஏற்றுகிற வண்டியிலேயே இங்கே கொண்டுவந்து சேர்த்தார். அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

கண் விழித்தபோது போர்வை மேடாக இருந்தது, காலில் உணர்ச்சி இல்லை, போர்வையைத் தூக்கப் போனால் உன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். “கால் இருக்கு, பேசாம படுங்க” என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. காலை எடுத்துவிட்டுத் தலையணையை வைத்து ஏமாற்றுகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். கட்டு மாற்றும்போது பார்த்தேன், கால் வீங்கிப்போய் இருந்தது, ஆனால் இருந்தது. அப்புறம் பார்த்தால் நல்ல காலிலும் நீளமாகத் தையல். கால் மாற்றி அறுத்துவிட்டார்கள் என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மா வந்து, அறுந்த ரத்தக்குழாய்க்கு நல்ல காலிலிருந்துதான் குழாய் எடுத்து ஒட்டுப் போட்டிருக்கிறோம் என்றார். ஒட்டுப் போட்ட இடம் ஒழுகாதா என்று கேட்டேன், சிரித்தார். ஏன் சிரித்தார் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நர்ஸ் அடிக்கடி வந்து பேனா மாதிரி ஒரு கருவியைப் பாதத்தில் வைப்பாள், உஷ் உஷ் என்று சத்தம் வரும், ரத்தம் ஓடுகிறதாம். பதிவு பண்ணி வைத்த சத்தமோ என்று, முதலில் கட்டில் கம்பியில் வைக்கச் சொன்னேன், ஒன்றும் வரவில்லை. அவள் கையில் வைக்கச் சொன்னேன், வந்தது. பிறகுதான் என் காலில் மறுபடி வைக்க விட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது, உன் அம்மாவிடம் சொல்லாதே.

இப்போது உன்மீது ஒரு சந்தேகம். எல்லோரிடமும் பேசுகிற நீ என்னிடம் மட்டும் பேசாமல் இருக்கிறாய். உன் மாமாவைக் குடைந்ததில் கக்கிவிட்டார். ரத்த ஓட்டம் திரும்பாவிட்டால் காலை எடுக்கவேண்டி வரும், சம்மதமா என்று டாக்டர்கள் கேட்டபோது உன் அம்மா உனக்குப் போன் போட்டுக் கொடுத்தாளாம். “கால் போனாலும் பரவாயில்ல, அப்பா இருக்கணும்னு அவதான் சொன்னா” என்றார். அன்று முழுக்கக் கோபம். என் காலைக் கொடுக்க இவள் யார் என்றுகூட நினைத்தேன். பிறகு யோசித்தேன், என்னைக் கேட்டிருந்தால் அந்தக் கண்ணாடியைப் பிடித்த மாதிரியே காலையும் விடமாட்டேன் என்று பிடித்திருப்பேன். நீ சொன்னதுதான் சரி கண்ணு. இனி ஒரு முறை கேட்டாலும் அதையே சொல்.

உன் வீட்டில் ஆளுயரக் கண்ணாடி இருந்தால் சுவரோடு திருகி மாட்டியிருக்கிறதா என்று ஆட்டிப் பார். நீண்ட ஆயுளோடு மனக்குறை இல்லாமல் இரு. இது கிடைத்ததும் அம்மாவுக்கு இல்லை, எனக்குப் போன் பண்ணு. நர்ஸ் வரும் நேரம் பார்த்துப் போனைக் காலருகே வைக்கிறேன், அந்தச் சத்தத்தை நீயும் கேள்.

எப்போதும் உன்
சந்தேகக்கார அப்பா