பாட்டரிமேல் விழுந்த தாலிச் சங்கிலி

ஜூலை 7

பாவாடை அண்ணன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு முத்தியால்பேட்டையில் எங்கள் பாட்டரிக் கடைக்கு வந்தார். சார்ஜ் இருக்கிறதா என்று பாட்டரியின் இரண்டு முனையையும் வெறும் ஒயரால் சேர்த்துப் பார்த்தாராம். ஒயர் உருகி விரலில் ஒட்டிக்கொண்டது.

"நடுவுல பல்பு, மோட்டாருன்னு ஒண்ணு இருந்தாதாண்ணே கரண்டு அடங்கிப் போவும். வெறும் ஒயருன்னா மொத்தமும் ஒரே பாய்ச்சல்." என் வீட்டுக்காரர் அவருக்கு வகுப்பே எடுத்தார். கடையில் பாதி பாட்டரி மாட்டுவது நான். எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

ஜூலை 11

முடியவில்லை. நாளைக்கு.

ஜூலை 13

எழுதிவிடுகிறேன். குனியும்போது தாலிச் சங்கிலியை ஜாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வேன். பத்தாம் தேதி கடையில் விடவில்லை. ஏன்? போன் வந்தது, மறந்துவிட்டேன், அவ்வளவுதான். கார் பாட்டரியை மாட்டக் குனிந்தேன். சங்கிலி தொங்கி இரண்டு முனைமேலும் விழுந்தது. படபடவென்று பொறி. சங்கிலி பழுத்துப்போய், நான் கத்துவதற்குள் அறுந்தது. கழுத்தைச் சுற்றி நெருப்பு.

கதிர்காமம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். ஆட்டோவில் இவர் கேட்ட முதல் கேள்வி:

"தாலி எங்க விழுந்துச்சி?"

கோபம் வரவேண்டும். வரவில்லை.

ஜூலை 20

அத்தை காலையிலிருந்து புலம்புகிறார். "வெறுங்கழுத்தா நிக்கிறியேடி, எம்புள்ளைக்கு ஆவுமா?"

அப்போ எனக்கு? கேட்க வாயெடுத்தேன். தோசை கருகியது, திருப்பப் போய்விட்டேன்.

வலிக்குதான்னு ஒரு வார்த்தை. இந்த வீட்ல ஒருத்தருக்கும் வாயில வரலியே. இவராவது கேக்கலாம்ல.

ஜூலை 26

கடைக்குப் போனேன். அந்தப் பாட்டரி மூலையில் கிடக்கிறது. பார்க்கப் புதுசுதான். இனி சார்ஜ் நிற்காதாம். அதைப் பற்றி இவர் ரொம்ப நேரம் வருத்தப்பட்டார். கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜூலை 30

கட்டுப் பிரித்தாகிவிட்டது.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. இவர் கடையில் தேடியெடுத்த தாலியை அத்தை மஞ்சள் கயிற்றில் கோத்துத் தட்டில் வைத்திருந்தார்.

"கயித்துல கரண்டு போவாது, பயப்படாத" என்று இவர் எடுத்துக் கட்டினார். முடிச்சுப் போடும்போது கை நின்றது. புண் ஆறிய இடத்தை இன்றுதான் கிட்டத்தில் பார்க்கிறார்.

"செல்வி... வலிக்குதா?"

கேட்டுவிட்டார். இதற்குத்தானே காத்திருந்தேன்? அழுகை வருமென்று நினைத்தேன்.

"இல்ல" என்றேன்.

பொய்யில்லை. கயிறு கழுத்தில் பட்டதே எனக்குத் தெரியவில்லை.